வரிசையை விட்டு நகர்ந்த வீடு

பேரம்பலத்தார் ஹெல்லன்பேக்கில் வீடு வாங்கிய வருடமே அந்த வீடு நகரத் தொடங்கிவிட்டது. ஆனால் அது நகர்ந்ததைப் பற்றி ஊரில் எவரும் அவரிடம் வாய் திறந்து ஒரு சொல் கேட்கவில்லை. அதை அவர் கடைசிவரை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

ஹெல்லன்பேக் ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட, ஒரு தேவாலயமும் ஒரு பாண் கடையும் ஒரு கால்பந்துத் திடலும் உள்ள நெதர்லாந்துக் கிராமம். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், யாருடைய நாய் எந்த வேலியில் கால் தூக்கும் என்பதுவரை தெரியும். தேவாலயத்துக்குப் பின்தெருவில் செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி, ஒரே கூரையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, கூப்பன் கடை வாசலில் நிற்கும் சனத்தைப் போல வரிசையாக நின்றன. அந்த வரிசையின் நடுவீட்டைத்தான், காளான் பண்ணை இருட்டில் அரை ஆயுள் குனிந்து முதுகு வளைந்த பிறகு, பேரம்பலத்தார் வாங்கினார்.

அவர் டென் ஹாக் நகரத்திலேயே இருந்திருக்கலாம். அங்கே தமிழ்க் கடை இருந்தது, கோயில் இருந்தது, செத்தவீடு கலியாணவீடு என்றால் ஓடி வர நாலு பேர் இருந்தார்கள். ஆனால் அந்தக் கோயில் திருவிழாவில் அவருக்கு வரவேண்டிய காளாஞ்சியை, அந்த வெற்றிலைத் தாம்பாள மரியாதையை, சபைக்காரர்கள் நேற்று வந்த ஒரு நகைக்கடைக்காரனுக்குக் கொடுத்தார்கள். தாம்பாளம் அவருடைய முகத்துக்கு நேரே வந்து, வெற்றிலை வாசம் மூக்கில் பட்டு, நீட்டிய கை நீட்டியபடி இருக்க, வளைந்து அடுத்த ஆளிடம் போனது. அன்றோடு தமிழ்ச் சனத்தின் முகத்தில் முழிப்பதில்லை என்று முடிவெடுத்தார். மகன் சேந்தன் தகப்பனைக் கேளாமல் தனக்குப் பிடித்த ஒருத்தியை முடித்துக்கொண்டு கனடாவுக்குப் போனான். அவனோடும் பேச்சு இல்லை. இருந்தாலும் மேல்மாடியில் மூன்று அறை உள்ள வீடாகப் பார்த்துத்தான் வாங்கினார். அவன் வந்து காலில் விழுகிற நாளில் பிள்ளைகுட்டியோடு படுக்க இடம் வேண்டுமே. கட்டில்கள் வாங்கிப் போட்டார், மெத்தைகளின் பொலித்தீன் உறையை மட்டும் கழற்றவில்லை.

வீடு காட்டிய தரகன் வரவேற்பறைச் சுவரை விரலால் தட்டி, "இது பாதி உங்களுக்கு, பாதி பக்கத்து வீட்டாருக்கு" என்று சிரித்துக்கொண்டு சொன்னபோது பேரம்பலத்தாருக்கு ஊர் வேலிதான் ஞாபகம் வந்தது. ஊரில் அவருடைய தம்பியே அவருடைய காணி வேலியை அரக்கியவன். வேலி அரக்குவதென்றால், வருடா வருடம் வேலி அடைக்கிற சாட்டில் எல்லைக் கதியாலைப் பிடுங்கி ஒரு விரல் தள்ளி நடுவது, அடுத்த வருடம் இன்னும் ஒரு விரல், அதற்கடுத்த வருடம் இன்னும் ஒன்று, கடைசியில் அடுத்தவன் முற்றத்துத் தென்னை உன் வளவுக்குள் வந்து நிற்கும். அந்தத் தம்பியின் செத்தவீட்டுக்குக்கூட அவர் போகவில்லை.

"ஒரு சுவர் எப்பிடியப்பா ரெண்டு பேருக்குச் சொந்தமாகும்?" என்று மனைவி இராசமலரிடம் கேட்டார். "ஆணி அடிச்சா அது ஆரின்ரை பக்கத்திலை நிக்கும்?"

"ஆணி அடிக்காமல் இருங்கோ" என்றாள் இராசமலர். அவள் அப்படித்தான், எதற்கும் சுருக்கமாக ஒரு வழி வைத்திருப்பாள்.

நல்ல நாள் பார்த்துக் குடிபூரல் வைத்தார்கள். வாசலில் நிறைகுடம் வைத்து, பால் பொங்கி, சாமிப்படத்துக்கு விளக்கேற்றி, இராசமலர் விடிய எழும்பி உளுந்து வடையும் கேசரியும் தெருவுக்கே காணுமளவு செய்து அடுக்கினாள். பேரம்பலத்தார் பட்டு வேட்டியோடு கதவை விரியத் திறந்துவிட்டு நின்றார். பால் பொங்குகிற வீட்டுக்கு அயலட்டை தானாக எட்டிப் பார்க்கும், அதுதான் அவர் கண்ட முறை. புகையைக் கண்டதும் "என்ன, குடிபூரலோ" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, ஒரு வடையைக் கையில் எடுத்தபடி வீட்டின் நிலையையும் சாளரத்தையும் குறை சொல்லிவிட்டுப் போகும். அப்படி வராவிட்டால் பகை என்று பொருள்.

ஒருவரும் வரவில்லை. ஆனால் அந்தத் தெருவில் யன்னல்களுக்குத் திரை போடும் வழக்கம் இல்லாதபடியால், ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் சனம் இருந்தது தெரிந்தது. நல்ல உடுப்பு உடுத்து, தலை வாரி, கதிரைகளில் நிமிர்ந்து, எதையோ பார்த்திருப்பவர்களைப் போல இருந்தார்கள். இடப்பக்க வீட்டில் தலை நிலையில் முட்டுகிற உயரத்தில் ஒருவன் நின்று கையை உயர்த்தி அசைத்தான். வலப்பக்க வீட்டில் யன்னல் முழுக்கப் பூச்சாடி வைத்த ஒருத்தி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். மத்தியானம் வடை ஆறியது. பின்னேரம் கேசரியில் நெய் உறைந்து வெள்ளையாகப் படிந்தது.

"பாத்தீரோ" என்றார் பேரம்பலத்தார். "கண்ணாடிக்குப் பின்னாலை நிண்டு கை காட்டுறாங்கள். மிருகக்காட்சிச் சாலையிலை குரங்கு பாக்கிற மாதிரி."

"இதிலை ஆர் குரங்கு? அவையோ, நாங்களோ?"

அவர் கடைக்குப் போனார். கடையில் கிடைத்ததில் தடிப்பான பச்சைத் திரையாகப் பார்த்து வாங்கி வந்து முன்யன்னலை மூடினார். அதன் பிறகு வருடக்கணக்காக அதைத் திறக்கவே இல்லை. இடப்பக்கத்தானுக்கு நெட்டையன் என்றும் வலப்பக்கத்தாளுக்குப் பூச்சாடிக்காரி என்றும் பேர் வைத்தார். வேறு பேர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் காலையில் குப்பைத்தொட்டியை வெளியே இழுத்தபோது கண்டார். தன் வீட்டுக்கும் நெட்டையன் வீட்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடு கிழித்திருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தார், அங்கேயும் அதே கோடு. ஒரு மயிர் போகலாம், அவ்வளவு அகலம். "அரக்கத் தொடங்கிட்டான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். தன் பக்கத்தில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை, நெட்டையன் பக்கத்திலும் ஒன்றும் கூடவில்லை, நடுவில் மண் மட்டும் புதிதாகக் கிடந்தது. அவருக்கு அது ஒரு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஹெல்லன்பேக் சனம் வியக்கிற சனம் அல்ல. இடைவெளி ஒரு கை அகலம் ஆனபோது பூச்சாடிக்காரியின் பூனை அதற்குள் போய்க் குட்டி போட்டது, அவள் பாலைச் சட்டியில் ஊற்றிக் குச்சியால் உள்ளே தள்ளிவிட்டாள். ஆள் பக்கவாட்டில் நுழையலாம் என்று ஆனபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டார்கள், சைக்கிள் போகலாம் என்று ஆனபோது தாய்மாரும் சேர்ந்துகொண்டார்கள், பிறகு பிள்ளைகள் இருட்டில் விழாமலிருக்க நகரசபை ஒரு விளக்குக் கம்பம் நட்டது. இதற்குள் நெட்டையன், நடுவரிசையில் நின்ற தன் வீடு இப்போது மூலைவீடாகிவிட்டது, மூலைவீட்டுக்கு மதிப்பு அதிகம் என்பதை எப்படியோ கண்டுகொண்டான். வெளியே தெரிந்த பக்கச் சுவருக்குப் பூச்சுப் பூசி, நடுவில் உடைத்து ஒரு யன்னல் வைத்தான். அந்த யன்னலுக்கு வெயில் வந்த முதல் நாளில் தெரு முழுவதையும் கூப்பிட்டுக் கோப்பியும் கேக்கும் கொடுத்தான். பூச்சாடிக்காரி தன் பக்கத்தில் இரண்டு யன்னல் வைத்து, வாசல் வரிசையில் இடமில்லாமல் கிடந்த சாடிகளையெல்லாம் அங்கே கொண்டுபோனாள். எல்லாருக்கும் வெளிச்சம் கூடியது. பேரம்பலத்தார் வீட்டில் மட்டும் பச்சைத் திரை.

உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தொடர்வீடு வாங்கப் போய்த் தனிவீடு கிடைத்தவனுக்கு வேறென்ன இருக்கும். நாலு சுவரும் தன்னுடையது, ஆணி அடிக்கலாம். அடித்தார். சேந்தனின் சின்ன வயதுப் படத்தைச் சட்டம் போட்டு இடப்பக்கச் சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

இராசமலர் ஊர் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குப் போனாள். நிலம் துடைக்கிறவளைப் பார்த்தால் கிழங்களுக்கு வாய் திறக்கும். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றாள்.

"இஞ்சருங்கோ. பிழை எங்களிலைதான்."

"என்ன பிழை?"

"இந்த ஊரிலை புதுசா வந்தவைதான் போய்க் கேக்கோணுமாம். புருசனும் பெண்சாதியுமாச் சேந்து போய், இடப்பக்க வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்களுக்கு அயலா இருப்பியளோ எண்டு கேக்கோணும். அவர்தான் முதலயல். அவர் ஓம் எண்டால் முழுத் தெருவும் ஓம். பிள்ளை பிறந்தாலும் வருவினம், வீட்டிலை நெருப்புப் பத்தினாலும் வருவினம், செத்தால் தோளிலை வைச்சுக் கொண்டுபோறதும் அவைதானாம். கேளாமல் படி ஏறினால் அது மரியாதை இல்லையாம்."

பேரம்பலத்தார் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அண்டைக்கு முழுநாளும் நல்லா உடுத்து வெளிக்கிட்டு எங்களைப் பாத்துக்கொண்டு இருந்ததாம் சனம்" என்றாள். "நாங்கள் வருவம் எண்டு. பூச்சாடிக்காரி கேக் செய்து வைச்சவவாம். அதுவும் பழுதாப் போச்சுதாம்."

"அப்ப நான் போய்க் கதவைத் தட்டி, ஐயா என்னையும் சேத்துக்கொள்ளுங்கோ எண்டு பிச்சை கேக்கோணும்."

"பிச்சை இல்லையப்பா. ஒரு சொல்லு."

"காளாஞ்சியைக் கேட்டு வாங்கினவன் ஆரும் இருக்கிறானோ? அதைக் கொண்டு வந்து குடுக்கோணும்."

"உங்களுக்கு அந்த வெத்திலை இன்னும் தொண்டைக்குள்ளை நிக்குது" என்றாள் இராசமலர். "நான் தனியப் போகலாம் எண்டால் இப்பவே போவன். ரெண்டு பேரும் போகோணுமாம். எழும்புங்கோ. அந்தாளின்ரை பேர்..."

"பேர் எனக்கெதுக்கு? நெட்டையன் எண்டால் எனக்கு விளங்கும்."

"இத்தனை வருசத்திலை நானும்தான் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதுக்காக உங்கடை பேர் எனக்குத் தெரியாதோ?"

அவர் வெங்காயத்தைச் சட்டியில் கொட்டினார். எண்ணெய் இரைந்தது. அந்தக் கிழமை பெய்த மழையில் பின்வயலில் ஓடிய வாய்க்கால் கரை மீறி, வீட்டின் இருபுறத்து இடைவெளிக்குள்ளும் புகுந்து, வடிய மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது.

தண்ணீர் வந்ததும் தாரா வந்தது, பிறகு நாணல் வந்தது, பிறகு மீன் பிடிக்கிற கிழவர்கள் மடக்குக் கதிரையோடு வந்தார்கள். நகரசபையிலிருந்து செம்மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு பேர் வந்து வாசலிலிருந்து தெருவுக்கு ஒரு மரப்பாலம் போட்டுத் தந்தார்கள். அடுத்த வசந்தத்தில் அவர்களே வந்து, ஒன்றும் கேளாமல், பாலத்தை நீட்டினார்கள். "வருகிற வருடமும் வருவோம்" என்று, வளர்கிற பிள்ளையின் காற்சட்டை மடிப்பை அவிழ்த்துவிடுவதாகச் சொல்லுகிற தாயைப் போலச் சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு எங்கே போகிறது என்று அவர்களும் கேட்கவில்லை. அது பின்னால், வயல் பக்கமாக, கூரையில் ஒரு ஓடு அசையாமல், சுவரில் மாட்டிய சேந்தனின் படம் சரியாமல், வருடா வருடம் போய்க்கொண்டிருந்தது. அது நின்ற இடத்தில் வரிசையில் ஒரு பல் விழுந்த ஓட்டை. ஊர்ச் சனம் அந்த ஓட்டையால் தெரிந்த வயலையும் வானத்தையும் பார்த்துப் பழகி, அங்கே ஒரு வாங்கு போட்டு, மாலையில் உட்கார்ந்து கதைத்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது "விலகிப்போன வீட்டைத் தாண்டி வலப்பக்கம் திரும்புங்கள்" என்று சொன்னார்கள்.

முதியோர் இல்லத்தில் இராசமலர் இதையும் விசாரித்தாள். ஓமோம், முந்தியும் நடந்ததுதான் என்றார்களாம். மாவரைக்கிற ஒருவன் தன் மைத்துனனோடு முகம் முறித்துக்கொண்டு கதவைச் சாத்தினான், அவன் வீடு போய்ப் போய் ஜெர்மனிக்குள் போய்விட்டது. பிறகு அவனுக்குச் சுங்கத் தொல்லை என்றார்களாம்.

குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்தபோது ஊரே சப்பாத்தில் சறுக்குகிற இரும்பலகு கட்டிக்கொண்டு இறங்கியது. பேரம்பலத்தாரின் வீட்டைச் சுற்றிச் சுற்றிச் சறுக்கினார்கள். நெட்டையன் கரையில் அடுப்பு வைத்துப் பயற்றஞ்சூப் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினான். திரையின் இரண்டு துண்டும் சேருகிற இடத்தில் ஒரு விரல் அளவு விலக்கி வைத்துக்கொண்டு இராசமலர் அந்த நாள் முழுக்க யன்னலடியில் இருந்தாள். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமி வாசற்படிக்குக் கிட்ட வழுக்கி விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, சேலைத் தலைப்பால் அந்தப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். கரையில் நின்ற சனமெல்லாம் சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தது. ஒரு சொல் வரும் என்றுதான் பார்த்தது.

"குளிர் உள்ளை வருது, கதவைச் சாத்தும்" என்றார் பேரம்பலத்தார்.

அவள் சாத்தினாள்.

அவரைக் கல்லென்று சொல்லவும் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் வழித்து, நல்ல சேட் போட்டு, "வாரும், ஒருக்காப் போய்க் கேட்டிட்டு வருவம்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு நெட்டையன் எதிர்க்கரையில் ஒரு தோணியைக் கவிழ்த்துப் போட்டு நீல மை பூசிக்கொண்டிருந்தான், அவரைக் கண்டதும் தூரிகையோடு கையை உயர்த்தினான். பேரம்பலத்தாரின் கையும் அரைவாசி எழும்பியது. நெட்டையன் கையை உயர்த்திய விதத்தில்தான் வினை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று குடிபூரல் நாளில் அசைத்த அதே கை, அதே சாய்வு. அவருக்கு வடை ஞாபகம் வந்தது, உறைந்த நெய் ஞாபகம் வந்தது, வளைந்துபோன தாம்பாளம் ஞாபகம் வந்தது, தம்பி பிடுங்கி நட்ட கதியால்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எழும்பிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்ச் சேட்டைக் கழற்றினார். இராசமலர் கட்டிய சேலையை அவிழ்க்காமல் அன்று முழுக்க அதோடேயே சமைத்தாள்.

அந்தத் தோணி அவர்களுக்குத்தான். பாலத்துக்கு இனி மரம் காணாது என்று நகரசபை சொல்லிவிட, தெருக்காரர் அதைக் கொண்டு வந்து பாலத்தின் கடைசிப் பலகையில் கட்டிவிட்டு, கதவைத் தட்டாமல் போனார்கள்.

தோணி வலித்து வேலைக்குப் போனதில் இராசமலரின் நெஞ்சு பழுதுபட்டது. மற்றக் கரையிலிருந்து தோணியில் வந்த வைத்தியர், துடுப்பைத் தொடக்கூடாது, படி ஏறக்கூடாது, கவலைப்படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றில் முதல் இரண்டையும் அவள் கேட்டாள். வேலையை விட்டாள். மேல்மாடியில் உறை கழற்றாத மெத்தைகளுக்குக் கீழே, வரவேற்பறைக் கதிரையில், திரையின் விரலளவு விலக்கலுக்குப் பக்கத்தில் அவளுடைய நாள் போனது. கனடாவிலிருந்து சேந்தன் தொலைபேசி எடுத்தால் அவள்தான் கதைப்பாள், பேரம்பலத்தார் அந்த நேரத்தில் குசினிக் குழாயைத் திறந்துவிடுவார்.

"இஞ்சருங்கோ" என்றாள் ஒரு நாள் காலை. "ஒண்டு சொல்ல வேணும். கோபிக்கக் கூடாது."

"சொல்லும்."

"நான் போனால் என்னை ஆர் தூக்கிறது?"

"விடியக் காலமை உதென்ன கதை."

"கூலிக்கு ஆள் பிடிச்சு என்னைத் தூக்க வேண்டாம். தெரியாத ஆக்களின்ரை தோளிலை எனக்குப் போக விருப்பமில்லை. இந்தத் தெருச் சனத்தை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். ஆர் நொண்டுறது, ஆர் புதுச் சப்பாத்து வாங்கினது, எல்லாம் எனக்குத் தெரியும். அவை தூக்கட்டும்." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "செத்தவீட்டுக்கு வேறை முறையாம். முந்திக் கேக்காட்டிலும் பறவாயில்லையாம். மிஞ்சின ஆள் வாசலிலை நிண்டு முதலயலைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாக் காணும். அதுக்குப் பிறகு நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, எல்லாம் அவை பாப்பினம். ஒரு பேர். அவ்வளவுதான். அதைக்கூட எனக்காகச் செய்யமாட்டியளோ?"

"நீர் எனக்கு முதல் போகமாட்டீர்."

"போனால்?"

அவர் ஓம் என்று சொல்லத்தான் நினைத்தார், அந்தச் சொல் அவருக்கு எப்போதும் தாமதமாகவே வரும்.

"கேட்டுக்கொள்ளுங்கோ" என்றாள். "அவரின்ரை பேர்..."

பேரம்பலத்தார் எழும்பிக் குசினிக்குப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார். அது சீக்கிரமே கூவத் தொடங்கியது. கதவுக்குள்ளால் அவளுடைய உதடு அசைவது தெரிந்தது, கேத்தல் கூவிக்கொண்டே இருந்தது, அவர் அதை இறக்கவில்லை. தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது அவள் திரையின் இடுக்கால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அது நடந்தது ஒரு பின்னேரம், நல்ல வெயில். பேரம்பலத்தார் குசினியில் பருப்பு அவித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ" என்று இராசமலர் கூப்பிட்டாள்.

"என்ன?"

மறுமொழி இல்லை. என்ன என்று கேட்டாயிற்று, இனி அவள்தான் சொல்ல வேண்டும். கூப்பிட்டவள் சொல்லட்டும் என்று அவர் அகப்பையைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார். பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அது கருகி மணக்கும்வரை நின்றார். பிறகுதான் போனார். அவள் தலை யன்னல் பக்கம் சாய்ந்திருந்தது, வாய் ஒரு சொல்லின் அளவு திறந்திருந்தது, கை திரையின் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தது.

அவர் அந்தக் கையை விரல் விரலாக விடுவித்தார். பிறகு பச்சைத் திரையை, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, இரண்டு பக்கமும் இழுத்துத் திறந்தார். வெயில் அவள் மடியில் விழுந்தது.

திரை திறந்ததைக் கண்டதும் ஊருக்கு விளங்கிவிட்டது. தூரத்தில், வரிசையின் ஓட்டைக்குள்ளே, கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. கறுப்பு உடுப்புப் போட்டு, தலை வாரி, சனம் கரைக்கு வந்தது. பூச்சாடிக்காரி இருக்கிற பூவையெல்லாம் வெட்டிக் கை நிறைய வைத்திருந்தாள். சிவப்புத் தொப்பிச் சிறுமி வளர்ந்து குமரியாகி, தொப்பி இல்லாமல் நின்றாள். ஆட்கள் ஒரு நீளத் தோணியைத் தண்ணீரில் இறக்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் அந்த உயரமான மனிதர், முதுகு கூனி, தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, காலைத் தண்ணீரின் விளிம்பில் வைத்து நின்றார். ஒரு அடி எடுத்து வைத்தால் தோணி. அவர் வைக்கவில்லை. முழு ஊரும் பேரம்பலத்தாரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேரம்பலத்தார் வாசற்படியில் நின்றார். கூப்பிடத்தான் வந்தார். இந்த முறை வடையும் இல்லை, வெற்றிலையும் இல்லை, தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை. வாயைத் திறந்தார். அதற்குள் நெட்டையன் என்ற சொல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

வந்த முதல் நாட்களில், இடைவெளி இன்னும் ஒரு மயிரளவாக இருந்தபோது, அந்தப் பக்கத்தில் ஒரு பெண் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவதும் ஒரு ஆண்குரல் மறுமொழி சொல்வதும் கேட்டிருக்கிறது. அந்தச் சத்தத்தைத் தேடிப் பார்த்தார். அவருக்குக் கிடைத்தது, அது கேட்காமலிருக்க அவர் கூட்டி வைத்த வானொலியின் சத்தம்தான். கேத்தலின் சத்தம்தான். திரும்பி உள்ளே பார்த்தார். பேரைத் தெரிந்தவள் வெயிலுக்குள் வாயைத் திறந்துகொண்டு இருந்தாள்.

"சொல்லும்" என்றார். "இப்பச் சொல்லும். கேக்கிறன்."

கரையில் சனம் அசையவில்லை. அந்த மனிதர் தொப்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பேரம்பலத்தார் கையை வாயருகே குவித்து, ஒரு மனிதரை இன்னொரு மனிதர் கூப்பிடுவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே சொல்லை, நாற்பது வருடமாக இராசமலர் அவரைக் கூப்பிட்ட அந்தச் சொல்லை, தண்ணீருக்கு மேலால் கத்தினார்.

"இஞ்சருங்கோ."

தண்ணீர் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த மனிதர் தலையைச் சரித்துக் கேட்டார். பக்கத்தில் நின்ற பூச்சாடிக்காரியைப் பார்த்தார். அவள் அடுத்த ஆளைப் பார்த்தாள், அவர் அதற்கடுத்த ஆளைப் பார்த்தார், அப்படியே வரிசை முடியும்வரை ஒருவரையொருவர் பார்த்து, தெரியாது என்று தலையாட்டினார்கள். அந்தப் பேரில் அங்கே ஒருவரும் இல்லை.

அவர்கள் கலைந்து போகவும் இல்லை, கால் எடுத்து வைக்கவும் இல்லை. பேரம்பலத்தார் திரும்பவும் கூப்பிட்டார். வாசற்படிக்குக் கீழே தண்ணீர் சுருங்கி விரிந்தது, வீடு இன்னும் ஒரு விரல் விலகியது.